உஷார்! ‘சம்பளம் இல்லை, உலகம் இலவசம்’ என்று கப்பல் கூப்பிடுகிறதா?

“ஜப்பானிய மொழி தெரிந்தவரா நீங்கள்? மூன்று மாதக் கல்விக் கப்பல் பயணம். பல நாடுகள். தங்குமிடம் இலவசம். சாப்பாடு இலவசம். தன்னார்வ மொழிபெயர்ப்பாளர்கள் உடனே தேவை. பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும்.”

இப்படி ஒரு செய்தி உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால், கை பரபரவென்று ஜிபே பக்கம் போக வேண்டாம். முதலில் அந்தச் செய்தியை மறுபடி படியுங்கள். இதில் கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அப்படிப்பட்ட கப்பல் இருக்கிறது, அப்படிப்பட்ட வேலையும் இருக்கிறது. அதனால்தான் இது ஆபத்து. முழுப் பொய்யை யாரும் நம்பிவிட மாட்டார்கள். உண்மையான ஒரு கப்பலின் படத்தைப் போட்டு, அதன் வாலில் ஒரு பொய்யைக் கட்டி அனுப்பினால் படித்த பிள்ளைகளே விழுந்துவிடுவார்கள்.

நம் காஞ்சிபுரத்துக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கிறது. ஜப்பானிய, கொரிய நிறுவனங்கள் இந்த மாவட்டத்தில் வந்து இறங்கிய பிறகு, அந்த மொழிகளைப் படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகள்வரை வந்துவிட்டது. அப்பா தறியில் உட்கார்ந்திருப்பார். மகனோ மகளோ விடிகாலைக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துக்கொண்டே செல்போனில் காஞ்ஜி எழுத்து பழகுவார்கள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வுக்குச் சென்னைக்குப் போவார்கள். என்5, என்4 என்று படிப்படியாக ஏறிவருகிற இந்தப் பிள்ளைகளுக்கு ‘கப்பலில் மொழிபெயர்ப்பாளர்’ என்ற வார்த்தை எப்படி இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மோசடிக்காரனுக்கும் அது தெரியும்.

ஆகவே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, போலிக் கப்பலைப் பற்றி. இரண்டாவது, உண்மையான கப்பலைப் பற்றி. இரண்டாவதைத்தான் யாரும் சொல்வதில்லை.

உண்மையான கப்பல் எது?

டோக்கியோவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பீஸ் போட்’ என்ற தன்னார்வ அமைப்பை 1983-ல் ஜப்பானியக் கல்லூரி மாணவர்கள் தொடங்கினார்கள். போர்க்கால வரலாற்றைப் பள்ளிப் பாடநூல்கள் பூசி மெழுகுகின்றன என்ற சர்ச்சை அப்போது சூடாக இருந்தது. பக்கத்து நாடுகளுக்கு நாமே கப்பலில் போய் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று கிளம்பியவர்கள் அவர்கள். இன்று உலகைச் சுற்றிவர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் பயணங்களை அது நடத்துகிறது. ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டில் பிழைத்தவர்களைக் கப்பலில் அழைத்துப்போய் ஊர் ஊராகப் பேசவைக்கும் திட்டம் 2008-லிருந்து நடக்கிறது. அணு ஆயுத ஒழிப்புக்காக 2017-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ‘ஐகான்’ கூட்டமைப்பை வழிநடத்தும் அமைப்புகளில் இதுவும் ஒன்று.

கப்பலில் பாடம், கருத்தரங்கு, விவாதம் என்று நாள் முழுவதும் ஏதாவது நடக்கும். பயணிகளில் பெரும்பாலோர் ஜப்பானியர். பேச வரும் விருந்தினர்களோ பல நாட்டுக்காரர்கள். நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர்கள்தான் தன்னார்வலர்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, கப்பலில் அறையும் சாப்பாடும் உண்டு. ஜப்பானில் இந்த அமைப்பின் சுவரொட்டிகளைக் கடைகளில் ஒட்டிக்கொடுத்தே பயணக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிற இளைஞர்களும் உண்டு. ஆனால் அவர்கள் பயணிகள், மொழிபெயர்ப்பாளர்கள் அல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் பல விளம்பரங்கள் பிழைக்கின்றன.

வேறு கப்பல்களும் உண்டு. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றும் ‘செமஸ்டர் அட் சீ’ கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கே பலமுறை வந்துபோயிருக்கிறது. ஜப்பானிய அரசு 1988 முதல் பல நாட்டு இளைஞர்களை ஒரே கப்பலில் சேர்க்கும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. இவை எல்லாவற்றிலும் ஆள் எடுப்பதற்கு அமைப்பின் சொந்த இணையதளம், விண்ணப்பம், நேர்காணல் என்று ஒரு முறை இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று மாலைக்குள்’ என்று அவசரப்படுத்தி ஆள் எடுக்க இவர்களுக்குத் தேவையே இல்லை.

போலியை எங்கே பிடிப்பது?

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை வாங்க வருகிற விவரமானவர்கள் கடைக்காரர் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு போவதில்லை. ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். முடி கருகும் வாடை வந்தால் பட்டு, பிளாஸ்டிக் போல உருகினால் கலப்படம். கப்பல் விளம்பரத்துக்கும் அப்படிக் கொளுத்திப் பார்க்க நாலு இழை இருக்கிறது.

முதல் இழை, மொழி. ‘தமிழும் ஆங்கிலமும் தெரிந்தால் போதும்’ என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பயணிகள் நிறைந்த கப்பலில் தமிழை யாருக்கு மொழிபெயர்ப்பது? அங்கே தேவை ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், கொரியம், அப்படியே மறுபக்கமும். ‘என்5 இருந்தாலே எடுத்துக்கொள்வோம்’ என்பதும் அதே ரகம்தான்.

இரண்டாவது இழை, பணம். பதிவுக் கட்டணம், மெடிக்கல் கட்டணம், திருப்பித் தரப்படும் டெபாசிட், சீருடைக் கட்டணம் என்று பெயர்தான் மாறும், எல்லாம் ஒன்றுதான். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006-ல் உருவான ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவும் 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. வேலையில் சேர்த்துவிடுவதற்காகக் கப்பல் ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அது திட்டவட்டமாகச் சொல்கிறது. பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம், மருத்துவச் சான்று இவற்றின் செலவு மட்டும் விதிவிலக்கு. கப்பலுக்கு ஆள் எடுக்கும் முகவரிடம் நம் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் கொடுத்த ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணை அவர் அனுப்பிய படத்தில் பார்க்காதீர்கள். இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். நிலத்தில் வேலைக்கு அனுப்பும் பதிவு பெற்ற முகவர் என்றாலும், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பெயர் இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ‘தன்னார்வலர்தானே, அதனால் இந்த விதியெல்லாம் பொருந்தாது’ என்று ஒருவர் சொன்னால், அவர் விதியை நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று அர்த்தம். சம்பளமே தராத வேலைக்குக் கட்டணம் எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

மூன்றாவது இழை, கப்பல். ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் ஐஎம்ஓ எண் என்று ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. பெயர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார். இந்த எண் மட்டும் கப்பல் உடைபடும்வரை மாறாது. இதைச் சரிபார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பீஸ் போட் 2023-லிருந்து பயன்படுத்தும் ‘பசிபிக் வேர்ல்ட்’ கப்பலையே எடுத்துக்கொள்வோம். 1995-ல் ‘சன் பிரின்சஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல் அது. எண் 9000259. ஒன்பதை ஏழால் பெருக்கினால் 63. அடுத்த மூன்றும் பூஜ்ஜியம். இரண்டை மூன்றால் பெருக்கினால் 6. ஐந்தை இரண்டால் பெருக்கினால் 10. மொத்தம் 79. கடைசி இலக்கம் 9, எண்ணின் கடைசி இலக்கமும் 9. சரி. முகவர் கொடுத்த எண் இந்தக் கணக்கில் தேறவில்லை என்றால் அது கற்பனைக் கப்பல். தேறினாலும் விட்டுவிடாதீர்கள். கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் தேதியில் அவர் சொல்லும் துறைமுகத்துக்கு வரக்கூடிய தூரத்தில் அந்தக் கப்பல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாலாவது இழை, சேரும் இடம். கப்பல் துறைமுகத்தில்தான் நிற்கும். ‘முதலில் பாங்காக் வந்துவிடுங்கள், அங்கிருந்து வண்டியில் கூட்டிப்போவோம்’ என்று சொன்னால், அந்த வண்டி கடல் பக்கம் போகாது. எந்தப் பக்கம் போகும் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

வேலைக்கு என்று கிளம்பி ஆற்றைக் கடந்தவர்கள்

2022 செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சொல்லி, கணினியும் ஆங்கிலமும் தெரிந்த இளைஞர்களை அழைத்துப்போய், எல்லையைக் கடத்தி மியான்மருக்குள் அடைத்துவைக்கிறார்கள் என்பதுதான் எச்சரிக்கை. தாய்லாந்து எல்லையில் மோய் ஆறு ஓடுகிறது. அக்கரையில் மியாவாடி. அங்கே கம்பி வேலி போட்ட வளாகங்களுக்குள் இவர்களை உட்காரவைத்து, உலகம் முழுவதும் உள்ள அப்பாவிகளை ஆன்லைனில் ஏமாற்றும் வேலையைச் செய்யவைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி, பட்டினி, மின்சார ஷாக். அந்த ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் மீட்கப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்களில் 13 பேர் தமிழர்கள். அதோடு முடியவில்லை. 2025 மார்ச் மாதம் இந்திய விமானப் படை விமானம் அனுப்பி, ஒரே தடவையில் 283 இந்தியர்களைத் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது.

இதைக் கப்பல் கதையோடு ஏன் சேர்க்கிறேன் என்றால், அந்த வளாகங்களுக்கு மிகவும் தேவைப்படும் ஆள் மொழி தெரிந்தவன். ஜப்பானியரை ஏமாற்ற ஜப்பானிய மொழி வேண்டும், கொரியரை ஏமாற்றக் கொரிய மொழி வேண்டும். நம் பிள்ளை என்3 வரை படித்திருப்பது அவனுக்குப் பெருமை, அவர்களுக்கு மூலதனம். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா விலக்கை அமல்படுத்திய பிறகு பாங்காக்குக்கு விமானம் ஏறுவது இன்னும் சுலபமாகிவிட்டது. விசா கேட்டிருந்தால் தூதரகத்தில் ஒருவராவது ‘எதற்குப் போகிறாய்’ என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வியை இப்போது வீட்டில்தான் கேட்க வேண்டும்.

சுற்றுலாப் பயணியாகப் போய் வேலை செய்யச் சொன்னால், பாஸ்போர்ட்டை ‘பத்திரமாக வைத்திருக்கிறோம்’ என்று வாங்கினால், டெலிகிராமில் மட்டும் நேர்காணல் நடத்தினால், அதில் எதிர்முனை முகம் கடைசிவரை தெரியாமல் இருந்தால், இந்த நான்கில் ஒன்று போதும். பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நிஜக் கப்பலா? இன்னும் கொஞ்சம் உஷார்!

சரி, விசாரித்தாயிற்று. அமைப்பு உண்மை, கப்பல் உண்மை, கட்டணம் இல்லை, அழைப்புக் கடிதமும் வந்துவிட்டது. இனிமேல் பயமில்லை என்று ஸ்வீட் பாக்ஸ் வாங்கப் போகாதீர்கள். ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதற்குப் பதில் எழுத்தில் வரும்வரை கப்பலேறும் பேச்சே வேண்டாம்.

‘என் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கும்? பயணிகள் பட்டியலிலா, ஊழியர் பட்டியலிலா?’

கப்பலில் ஏறும் ஒவ்வொருவரும் இந்த இரண்டில் ஒன்றில் இருந்தாக வேண்டும். தன்னார்வலர் என்று மூன்றாவது பட்டியல் கிடையாது. பயணியைப் போல அவர் கட்டணம் கட்டுவதில்லை. ஊழியரைப் போல அவர் சம்பளமும் வாங்குவதில்லை. இரண்டுங்கெட்டான் நிலை. கடல் அமைதியாக இருக்கும்வரை இது ஒரு பிரச்சினையே இல்லை. ஏதாவது நடந்தால்தான் தெரியும்.

2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்ட ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலை நினைத்துப் பாருங்கள். 3,711 பேர் இருந்த கப்பல் அது. 700-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா. பயணிகள் தங்கள் அறைக்குள் இருக்கும்படி சொல்லப்பட்டார்கள். ஊழியர்களோ சமைத்தார்கள், அறை அறையாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள், இரவில் ஒரே அறையில் பலர் படுத்தார்கள். கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள், 6 பேர்தான் பயணிகள். அதே கப்பல், அதே கிருமி. கதவுக்கு உள்ளே இருப்பதா வெளியே நிற்பதா என்பதைப் பட்டியல்தான் தீர்மானித்தது. அந்த மாதிரி நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் எங்கே நிற்பார்? டாக்டர் சொல்வதை நோயாளிக்குச் சொல்ல அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

விசாவும் இந்தப் பட்டியலைப் பொறுத்ததுதான். பயணியாகப் போனால் ஒவ்வொரு நாட்டுக்கும் சுற்றுலா விசா. ஊழியராகப் போனால் கடலோடிக்கான விசா. அமெரிக்கா போன்ற நாடுகளில் இரண்டும் வேறு வேறு வகை. தவறான விசாவோடு போய் இறங்கினால், திருப்பி அனுப்பப்படுவது கப்பல் அல்ல, நீங்கள். அதோடு வழியும் மாறும். 2023 நவம்பரில் செங்கடலில் ஹூதிக்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு, சூயஸ் வழியாகப் போகவேண்டிய கப்பல்கள் பல ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. அச்சடித்த பயண அட்டவணையில் இல்லாத நாடு வந்தால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அந்த விசாவை யார் எடுத்துத் தருவது, யார் செலவு?

கப்பலின் தாள்களே சரியில்லை என்றால் ஏறியவர்கள் கதி என்ன என்பதற்கு நம் தூத்துக்குடியிலேயே சாட்சி இருக்கிறது. 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓஹியோ’ என்ற கடற்கொள்ளைத் தடுப்புக் காவல் கப்பல் ஆயுத அனுமதிப் பிரச்சினையில் பிடிபட்டது. இந்தியர், பிரிட்டிஷார், எஸ்தோனியர், உக்ரைனியர் என்று கப்பலில் இருந்தவர்கள் 35 பேர். 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. கடைசியில் குற்றமில்லை என்றுதான் தீர்ப்பு வந்தது. ஆனால் போன நான்கு ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. கல்விக் கப்பலும் காவல் கப்பலும் ஒன்றல்ல. ஆனாலும் கப்பலின் தாளுக்கு அதில் இருப்பவர்கள் பதில் சொல்லும் நிலை எந்தக் கப்பலிலும் வரலாம்.

நடுக்கடலில் எந்த நாட்டுச் சட்டம் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ பொதுவாக அந்த நாட்டுச் சட்டம்தான். பயணிகள் கப்பல்கள் பலவும் பனாமா, பஹாமாஸ் போன்ற நாடுகளின் கொடியில் ஓடுபவை. பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தன்னார்வலரையும் ஊழியராகவே பார்க்கிறது. அந்தப் பாதுகாப்பு பனாமா கொடியின் கீழும் கூடவே வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அறையில் யார் யார், புகாரை யாரிடம் கொடுப்பது, புகாருக்கு உரியவரே மேலதிகாரி என்றால் அடுத்து யார் என்பதற்கெல்லாம் ஏறும் முன்பே பதில் வாங்குங்கள்.

காதில் ஒரு மொழி, வாயில் ஒரு மொழி

வேலையைப் பற்றியும் ஒரு பிரமை இருக்கிறது. மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே நாலு வார்த்தை மொழிபெயர்ப்பது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

உடனுக்குடன் மொழிபெயர்ப்பது எப்படி என்று பாருங்கள். காதில் ஹெட்போன், முன்னால் மைக். பேச்சாளர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது நீங்கள் அதன் தொடக்கத்தைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஜப்பானிய மொழியில், தமிழைப் போலவே, வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆமாமா இல்லையா என்பதே வாக்கியம் முடியும்போதுதான் தெரியும். ஆங்கிலத்துக்கு அது முன்னாலேயே வேண்டும். அதனால்தான் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் இருவராக உட்கார்ந்து, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வார்கள். அதற்குமேல் போனால் தப்பு வரும், தப்பு வருவதும் தனக்கே தெரியாது. உங்களை ஒரே ஆளாக இரண்டு மணி நேரம் உட்காரவைக்கப் போகிறார்களா என்று கேட்டீர்களா?

பேச்சாளர் ஹிரோஷிமாவில் பிழைத்த முதியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் தம்பியைத் தேடி ஓடியதைச் சொல்கிறார். அதை ‘நான் தேடினேன்’ என்று தன்மையில்தான் நீங்கள் சொல்ல வேண்டும், ‘அவர் தேடினாராம்’ என்று விலகி நிற்க முடியாது. குரல் உடையவும் கூடாது. அடுத்த துறைமுகத்தில் மறுபடி அதே கதை. இதன் பாரம் மொழிபெயர்ப்பவரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இதற்கு ஜேஎல்பிடி சான்றிதழ் உங்களைத் தயார்செய்யவில்லை. அந்தத் தேர்வில் பேச்சுத் தேர்வே கிடையாது. படிப்பதும் கேட்பதும்தான். என்2 வாங்கிய ஒருவர் வாய் திறந்து இரண்டு நிமிடம் பேசாமலேயே அதை வாங்கியிருக்க முடியும். கப்பல் மருத்துவமனையில் நெஞ்சு வலி என்று வந்தவருக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால்? ஆபத்துக் கால அறிவிப்பில் இடது வலது மாறிவிட்டால்? 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் சாய்ந்த ‘கோஸ்டா கான்கார்டியா’வில் 32 பேர் இறந்தார்கள். அவசர நேரத்தில் ஊழியர்களில் சிலருக்குக் கப்பலின் வேலை மொழியே சரியாகப் புரியவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. மருத்துவம், சட்டம், ஆபத்து ஆகிய மூன்றிலும் ‘என்னால் முடியாது, தகுதியான ஆளைக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

வீட்டுக் கணக்கு

‘ஒரு ரூபாய் செலவில்லை’ என்பதையும் பேப்பரில் எழுதிக் கூட்டிப் பார்ப்போம். யோகோஹாமாவரை விமான டிக்கெட், திரும்பிவர டிக்கெட், விசாக்கள், தடுப்பூசி, காப்பீடு, துறைமுகங்களில் கைச்செலவு. எது அமைப்பின் பொறுப்பு, எது உங்கள் பொறுப்பு என்று வரி வரியாகக் கேட்டு வாங்குங்கள். நடுக்கடலில் உடம்பு சரியில்லாமல் ஹெலிகாப்டரில் இறக்கவேண்டி வந்தால் காப்பீடு தருமா என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு செலவே வீட்டை விற்க வைக்கும். இது போக மூன்று மாதச் சம்பளம் நின்றுபோகும், கம்பெனியில் வேலை காத்திருக்காது. இந்த ஊரில் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஒரு தறிக் குடும்பத்தை எத்தனை வருடம் கட்டிப்போடும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளை இலவசமாக உலகம் சுற்றிவர, அப்பா வட்டிக்கு வாங்குவது என்ன நியாயம்?

இரண்டு மொழி தெரிந்தவனுக்குக் கூலி உண்டு என்பது காஞ்சிபுரத்துக்குப் புதிய செய்தியல்ல. 1947-ல் தொடங்கி இங்கே நடக்கும் பச்சையப்பன் கல்லூரி யார் பெயரில் இருக்கிறது? 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்குத் துபாஷாக, அதாவது இருமொழித் தரகராக இருந்து பொருள் சேர்த்த பச்சையப்ப முதலியார் பெயரில். அவர் சேர்த்துவைத்துப் போன பணத்திலிருந்துதான் அவர் பெயர் தாங்கிய அறக்கட்டளையே பிறந்தது. தொண்டு செய்வது நல்லது. ஆனால் தெரிந்தே, கணக்குப் பார்த்தே செய்யுங்கள். அனுபவத்துக்காக ஒரு பயணம் போகலாம். அதே அமைப்பு அடுத்த பயணத்துக்கும் அனுபவத்தையே சம்பளமாகக் காட்டினால் யோசியுங்கள். ஒரகடத்தில் அதே மொழிக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

போய்வந்தவரைக் கேளுங்கள்

கடல் கடந்து படிக்கப் போக நினைத்து, விசாரித்துவிட்டு நின்றவர் ஒருவர் இந்த ஊர் வரலாற்றிலேயே இருக்கிறார். சீன யாத்ரிகர் யுவான் சுவாங் கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்தார். இங்கிருந்து கப்பலேறி இலங்கைக்குப் போய்ப் பௌத்த நூல்களைக் கற்க வேண்டும் என்பது அவர் திட்டம். அப்போது இலங்கையிலிருந்து வந்திறங்கிய பிக்குகளைக் காஞ்சியிலேயே சந்தித்தார். அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம், குழப்பம் என்றார்கள் அவர்கள். யுவான் சுவாங் கப்பல் ஏறவில்லை. சீனாவிலிருந்து பாலைவனமும் பனிமலையும் தாண்டி வந்த மனிதர் அவர், பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல முடியாது. அங்கிருந்து வந்தவர்களைக் கேட்டார், அவர்கள் சொன்னதை மதித்தார், அவ்வளவுதான்.

நீங்களும் கேளுங்கள். அந்தக் கப்பலில் மொழிபெயர்ப்பாளராகப் போய்வந்த இரண்டு பேரையாவது நீங்களாகத் தேடிப் பேசுங்கள். முகவர் கொடுக்கும் எண்ணில் பேசுகிறவர் முகவரின் ஆள். ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் உங்கள் ஆசிரியரிடம் அழைப்புக் கடிதத்தைக் காட்டுங்கள். அமைப்பின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதி ‘இப்படி ஒரு கடிதம் உங்களுடையதுதானா’ என்று கேளுங்கள். உண்மையான அமைப்பு கோபித்துக்கொள்ளாது.

கப்பலேறும் முன் ஒரே தாளில் கையெழுத்தோடு இருக்க வேண்டியவை: எந்தப் பட்டியலில் பெயர், தினம் எத்தனை மணி நேர வேலை, வாரத்தில் ஓய்வு எப்போது, எந்தெந்தச் செலவு யாருடையது, காப்பீட்டு எண், நடுவில் விலகினால் எந்தத் துறைமுகத்திலிருந்து யார் செலவில் ஊர் திரும்புவது. பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகலையும் இந்தத் தாளின் நகலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அந்த நிமிடமே 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு. பிள்ளை ஏற்கெனவே கிளம்பிப்போய்த் தகவல் இல்லை என்றால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்த கையோடு, அயலகத் தமிழர் நலத்துறையையும் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தையும் தொடர்புகொள்ளுங்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் போலி முகவர் மீது புகார் தரலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கப்பலுக்குப் போகிறேன் என்றால் ‘வேண்டாம்’ என்று ஒரே அடியாக அடித்துவிடாதீர்கள். அப்புறம் சொல்லாமல் போய்விடுவார்கள். அழைப்புக் கடிதத்தை வாங்கி, மேலே சொன்ன நாலு இழையையும் கூடவே உட்கார்ந்து கொளுத்திப் பாருங்கள். தேறினால் சந்தோஷமாக அனுப்பிவையுங்கள். தேறாவிட்டால், கப்பல் எத்தனை அடுக்கு இருந்தாலும் சரி, பத்துப் பைசாவும் கொடுக்காதீர்கள், பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள்.